பந்துக்குப் பதினைந்தாயிரம்

பாராஓனா ஊரின் மானத்துக்கு அந்த ஜனவரியில் நாற்பது கோடி பேசோ விலை வந்திருந்தது. அதற்கு மேல் ஒரு பைசா ஏறாது என்று கிழக்குக் கரை ஹோட்டல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மானம் என்றால் வேறொன்றுமில்லை, பாராஓனா நண்டுகள் என்கிற பேஸ்பால் அணிதான். மட்டை, சட்டை, பேருந்து, பெயர் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, வெள்ளைக்காரர்கள் வெயில் காயும் கடற்கரைக்குக் கொண்டுபோய்விடுவதாகத் திட்டம். "நண்டுக்கு எந்தக் கரையா இருந்தா என்ன?" என்று அவர்களில் ஒருவன் சிரித்தானாம். அந்தச் சிரிப்புக்குத் தனியாக ஒரு கோடி கேட்டிருக்க வேண்டும் என்று ஸோராய்டா யாபூர் நினைத்துக்கொண்டாள்.

ஸோராய்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடைத்தெருவில் துணிக்கடை. லெபனானிலிருந்து துணி மூட்டையோடு வந்து இறங்கிய குடும்பம்; நூறு வருஷமாகியும் ஊர் இன்னும் அவர்களைத் துருக்கிக்காரர்கள் என்றுதான் சொல்லும். காலையில் கடை, மதியத்துக்கு மேல் அணியின் நிர்வாகம். யாரை எடுப்பது, யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அணியின் முதலாளிகள் ஐந்து பேர். விற்கலாம் என்று இரண்டு பேர், கூடாது என்று இரண்டு பேர். ஐந்தாமவர் உப்பள முதலாளி பெலார்மினோ ஃபேலிஸ், சட்டைப் பையில் விற்பனைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார்.

"நாப்பது வருஷமா காசு கொட்டுறேன், துருக்கிக்காரி. ஒரு கோப்பையைக் கண்ணுல காட்டல நீங்க," என்றார் அவர். "இந்த வருஷம் காட்டினா பத்திரத்தைக் கிழிச்சுப் போடுறேன். இல்லேன்னா திங்கக்கிழமை காலைல கையெழுத்து."

இருபத்தொரு வருஷம் கழித்து நண்டுகள் அந்த வருஷம்தான் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார்கள். எதிரில் தலைநகர் சேவல்கள். ஏழு ஆட்டம், அதில் நான்கு ஜெயித்தவனுக்குக் கோப்பை. இந்த நேரம் பார்த்து, ஆட்டத்தின் கடைசியில் வந்து பந்து வீசி முடித்துக்கொடுக்கும் ஆளுக்கு முழங்கை வீங்கி மொந்தன் வாழைக்காய் மாதிரி ஆகிவிட்டது.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் ஒவ்வொரு அணியும் வெளியிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே வழக்கம். நல்ல தோள்களெல்லாம் அதற்குள் ஏலம் போயிருந்தன. கையிலிருந்த காசுக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்த ஸோராய்டா, தன் பழைய வண்டியைக் கழுவக் கொடுப்பதுபோல எவாரிஸ்தோ மோந்தாஸின் கடைக்கு ஓட்டிப்போனாள்.

முன்பக்கம் கார் கழுவுவார்கள், பின்பக்கம் பீரும் தோமினோ ஆட்டமும். எவாரிஸ்தோவுக்கு நாற்பத்து நான்கு வயது, இடதுகைக்காரன். வடக்கே, அமெரிக்காவில், பெரிய மைதானங்களில் பன்னிரண்டு வருஷம் பந்து வீசியவன். சம்பாதித்ததில் பாதியை இரண்டு மனைவிகளும் மீதியை ஒரு படகும் முடித்துவைத்தார்கள். ஆனால் ஊர் அவனை நினைவில் வைத்திருந்தது வேறொரு காரணத்துக்காக. இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய இறுதி ஆட்டத்தில், நண்டுகளுக்காக, ஓடக் காத்திருந்தவனைப் பிடிக்க முதல் தளத்துக்கு அவன் எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் வேலி வரைக்கும் உருண்டுபோனது. இரண்டு பேர் ஓடி வந்து ரன் எடுத்தார்கள். கோப்பை போனது. அன்றிலிருந்து வண்டி கழுவ வருகிற ஒவ்வொருத்தனும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"என்ன எவாரிஸ்தோ, அந்தப் பந்து நின்னுச்சா?"

"இன்னும் உருளுது. டயரையும் கழுவணுமா?" என்பான் அவன்.

ஸோராய்டா ஒரு பீர் வாங்கி, பாதி குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"எட்டு லட்சம்," என்றான் எவாரிஸ்தோ, தோமினோ காயிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"எட்டு லட்சமா? தம்பி, நான் உன் தோளைத்தான் கேட்டேன். கடையை இல்ல."

"பன்னிரண்டு வருஷம் வடக்கே ஓடின தோள் அக்கா இது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஓடின வண்டிக்குப் புது வண்டி விலை சொல்லலாமா?"

"ஓடின வண்டிக்குத்தான வழி தெரியும்?"

"இப்ப வேகம் எவ்வளவு?"

"எண்பத்திரண்டு மைல்."

"முன்னே?"

"தொண்ணூத்தேழு."

"நடுவுல பதினஞ்சு மைலைக் காணோமே, எங்கப்பா வச்சே?"

எவாரிஸ்தோ தொப்பையைத் தட்டினான். "இங்கதான் இருக்கு. பத்திரமா."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸோராய்டா சிரிக்கவில்லை. விலை பேசும்போது சிரித்தால் நூற்றுக்கு ஐந்து போய்விடும். சந்தேகமான சரக்கை எந்தத் துணிக்காரனும் மூட்டையாக வாங்க மாட்டான், கெஜக்கணக்கில்தான் எடுப்பான். அவளும் கெஜக்கணக்குக்கு வந்தாள்.

"மொத்தமா எல்லாம் கிடையாது. மட்டைக்காரனுக்கு நீ வீசுற ஒவ்வொரு பந்துக்கும் காசு. வீசினா உண்டு, வீசலேன்னா இல்ல. எட்டாயிரம்."

"இருபத்தஞ்சு."

"பத்து. அதுவும் உன் அம்மா என் கடையிலதான் துணி எடுப்பாங்கங்கிறதுக்காக."

"அவங்க செத்து ஆறு வருஷமாச்சு அக்கா."

"அப்ப பத்தரை. துக்கத்துக்கு அரை."

இரண்டாவது பீர் முடிகிறபோது பதினைந்தாயிரத்தில் வந்து நின்றது. எவாரிஸ்தோ கை கொடுக்கப் போனவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். "இன்னொண்ணு. உங்க முதல் தளத்துக்காரன் வில்கினைத் தினம் காலைல ஒரு மணி நேரம் என்கிட்ட விடணும்."

"எதுக்கு?"

"சும்மா பேசிக்கிட்டிருக்க."

காசு கேட்காத நிபந்தனை என்றால் ஸோராய்டாவுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் காசு கேட்கவில்லையே. சரி என்றாள். அணியில் இருந்த எந்தச் சீருடையும் அவன் இடுப்பைத் தாண்டவில்லை. அவள் கடையிலேயே துணி வெட்டி இரண்டு நாளில் தைத்தார்கள். துணியும் தையலுமாக ஏழாயிரத்து ஐந்நூறு ஆனது. "அதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்று சொல்லி அவன் பேரில் எழுதிவைத்தாள்.

இரண்டாவது ஆட்டத்திலேயே அப்புறம் பார்க்க வேண்டியதாகிவிட்டது. சமநிலையில் நின்ற ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் எவாரிஸ்தோவை இறக்கினார்கள். அவன் நான்கு பந்து வீசினான். முதல் பந்து வெளியே போனது. இரண்டாவதை ஒருவன் தட்டிவிட்டுத் தளத்தில் நின்றான். மூன்றாவது மறுபடி வெளியே. நான்காவதைச் சேவல்களின் பெரிய மட்டைக்காரன் தொரிபியோ எடுத்து, கடல் பக்கத்துச் சுவரைத் தாண்டி அனுப்பினான். ஆட்டம் போனது. நான்கு பந்துக்கு அறுபதாயிரம் பேசோவை ஸோராய்டா மறுநாளே எண்ணிக் கொடுத்தாள். பல்லைப் பிடுங்கக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உள்ளூர் வானொலிக்காரன் விடவில்லை. "பாராஓனா மக்களே! பந்துக்குப் பதினஞ்சாயிரம்! இந்தக் காசுக்கு என் மாமியாரே வீசுவாங்க, வேகமும் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி!"

பயிற்சியாளர் பெகேரோ நேராக அவள் கடைக்கே வந்தார். எப்போதும் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும் மனுஷன். "அம்மா, துணி விஷயத்துல நான் உங்களுக்கு யோசனை சொல்றேனா?"

"இல்ல."

"அப்ப இந்தாள இனிமே நான் இறக்கினா என் பேரு பெகேரோ இல்ல."

ஸோராய்டா மறுநாள் காலை கோபத்தோடு மைதானத்துக்குப் போனாள். பேச்சுக்காக வாங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று எண்ணம். பேச்சே இல்லை. எவாரிஸ்தோ வீச்சு மேட்டில் நின்றான். முதல் தளத்தில் வில்கின், முப்பத்தொரு வயதில் இரண்டு ஆள் அகலமும் அதற்கேற்ற மீசையும். எவாரிஸ்தோ வலது காலைத் தூக்கினான். முகம், தோள், கண் எல்லாம் மட்டைக்காரன் நிற்கும் பக்கம். அங்கேதான் வீசப்போகிறான் என்று ஸோராய்டா தலையைத் திருப்பினாள். பந்து அங்கே வரவில்லை. முதல் தளத்தில் 'சொத்' என்று ஒரு சத்தம். வில்கின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூணாவது தடவைம்மா!" என்று கத்தினான் வில்கின். "எனக்குத்தான் எறியப்போறார்னு தெரியும். தெரிஞ்சும் ஏமாந்துபோறேன். கட்டின பொண்டாட்டிகூட என்னை இப்படி ஏமாத்தினதில்ல!"

"கண்ணைப் பார்க்காதேடா," என்றான் எவாரிஸ்தோ. "கண்ணு பொய் சொல்லும். பாதத்தைப் பாரு. பாதம் உன் பக்கம்தான் இறங்கும்."

ஸோராய்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அன்னைக்கு... அந்தப் பந்து..."

"இதேதான் அக்கா. ஓடுறவன் நல்லா ஏமாந்தான். கூடவே நம்ம ஆளும் ஏமாந்துட்டான். மட்டைக்காரனுக்குத்தான் வீசுறேன்னு நினைச்சு தளத்தை விட்டு நகர்ந்து நின்னான்."

"அப்ப தப்பு அவன் மேல! இருபத்தொரு வருஷமா ஏன்டா வாயைத் திறக்கல?"

"பந்து என் கையிலேர்ந்துதான போச்சு?" என்றான் எவாரிஸ்தோ. பந்தை விரல்களுக்கு நடுவில் உருட்டினான். "சொல்லிக் கொடுக்காம எறிஞ்சது என் தப்பு. சொல்லியிருந்தா அவன் நின்ன இடத்துல நின்னிருப்பான்."

"சரி, முந்தாநாள் ஏன் எறியல? நாலு பந்து வீசி மானத்தை வாங்கினியே!"

"இந்தச் சரக்கை ஒரு தடவைதான் அக்கா விக்க முடியும். பார்த்துட்டானுங்கன்னா அப்புறம் ஒருத்தனும் வாங்கமாட்டான்."

அந்த பாஷை அவளுக்குப் புரிந்தது. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கடை திறக்கப் போனாள்.

தொடர் மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. ஏழாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பாராஓனாவிலேயே. கோயில் பூசையைக்கூடப் பாதிரியார் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். மைதானத்தில் பதினோராயிரம் பேர் உட்கார இடம். பதினாறாயிரம் பேர் இருந்தார்கள். எல்லாருடைய இரண்டு கையும் நண்டுக் கொடுக்கு மாதிரி தலைக்கு மேலே திறந்து திறந்து மூடின. முதலாளிகள் வரிசையில் பெலார்மினோ உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது.

கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். நண்டுகள் நான்கு, சேவல்கள் மூன்று. சேவல்களுக்கு இரண்டு அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி. அந்த நேரத்தில் வீசிக்கொண்டிருந்தவன் நாலு பந்தை வெளியே வீசி ஒருத்தனை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிவிட்டு, தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தசைப்பிடிப்பு. சேவல்கள் உடனே தளத்தில் நின்றவனை மாற்றி, பல்லி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப்பயலை அங்கே நிறுத்தினார்கள். வீச்சாளன் மட்டைக்காரனுக்குப் பந்தை விடும் கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதுதான் அவன் வேலை. அந்தத் தொடரில் ஒன்பது தளம் திருடியிருந்தான். ஒரு தடவைகூடப் பிடிபடவில்லை. மட்டையோடு வந்து நின்றவன் தொரிபியோ.

பெகேரோ திரும்பிப் பார்த்தார். வீசத் தெரிந்தவர்கள் எல்லாரையும் ஏற்கெனவே செலவழித்தாகிவிட்டது. பெஞ்சின் ஓரத்தில் எவாரிஸ்தோ மட்டும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். பெகேரோ தலையைத் தூக்கி, பெஞ்சுக்கு மேல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஸோராய்டாவைப் பார்த்தார்.

"அம்மா! உங்க கிழட்டுக் குதிரைதான் மிச்சம்!"

"அப்ப உன் பேரை மாத்திக்க பெகேரோ!" என்று கத்தினாள் அவள். "இறக்கு!"

எவாரிஸ்தோ மேட்டை நோக்கி நடந்தான். ஓடவில்லை. ஓடினால் தொப்பை குலுங்கும், அதற்கும் சிரிப்பார்கள். கூட்டம் விசிலடித்தது. எங்கிருந்தோ ஒருத்தன் பழைய கேள்வியை எடுத்து எறிந்தான். "எவாரிஸ்தோ! அந்தப் பந்து நின்னுச்சா?"

வழக்கப்படி எட்டுப் பயிற்சிப் பந்து வீசினான். எட்டும் சோம்பலாகப் போய் விழுந்தன. தொரிபியோ கொட்டாவி விடுவதுபோல நடித்தான். ஸோராய்டா கைப்பையின் பிடியை முறுக்கினாள். முதல் தளத்தில் வில்கின் மீசையை நக்கிக்கொண்டு நின்றான். பாதத்தைப் பாரு, பாதத்தைப் பாரு என்று அவள் உதடு முணுமுணுத்தது.

பல்லி தளத்திலிருந்து நான்கடி நகர்ந்தான். எவாரிஸ்தோ முதல் தளத்துக்கு ஒரு பந்தைத் தூக்கிப்போட்டான். பக்கத்து வீட்டுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதுபோல அவ்வளவு மெதுவாக. பல்லி அலட்டிக்கொள்ளாமல் நடந்தே திரும்பி வந்து தளத்தை மிதித்தான்.

"அவ்வளவுதானா தாத்தா?" என்றான்.

"இன்னொண்ணு இருக்கு தம்பி," என்றான் எவாரிஸ்தோ. மறுபடி அதே எலுமிச்சம்பழம். பல்லி பல்லைக் காட்டினான். இந்தத் தடவை ஐந்தடி நகர்ந்தான். அப்புறம் அரை அடி கூட. அந்த அரை அடியை ஸோராய்டா பார்த்தாள். கடையில் விலையைக் கேட்டுவிட்டு வாசல் வரைக்கும் போகிற வாடிக்கையாளர், கடைசி நிமிஷத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். அங்கேதான் வியாபாரம் முடியும்.

எவாரிஸ்தோ வலது காலைத் தூக்கினான். முகம் தொரிபியோவின் பக்கம். தோள் அந்தப் பக்கம். கண் அந்தப் பக்கம். தொரிபியோ மட்டையை இறுக்கினான். பதினாறாயிரம் தலை அந்தப் பக்கமே திரும்பியது. பல்லியின் உடம்பு இரண்டாவது தளத்தை நோக்கிச் சாய்ந்தது.

ஸோராய்டா ஒருத்திதான் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, இரண்டு பேர். வில்கினும் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாதம் முதல் தளத்தின் பக்கம் இறங்கியது. பந்து எலுமிச்சம்பழமாக வரவில்லை. தொப்பைக்குள் பத்திரமாக இருந்த பதினைந்து மைலும் அதில் வந்தது. வில்கின் நகரவில்லை. கையுறையைத் தாழ்த்தி, பந்தை வாங்கி, கையுறையோடு தளத்துக்கு முன்னால் மண்ணில் வைத்தான். பல்லி திரும்பிப் பாய்ந்து கையை நீட்டினான். நீட்டிய கை தளத்தைத் தொடுமுன் நேராகப் பந்திருந்த கையுறைக்குள் வந்து விழுந்தது.

"அவுட்!" என்றார் முதல் தளத்து நடுவர்.

ஒரு மூச்சு நேரத்துக்கு ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மைதானம் எழுந்தது. அந்த எழுச்சி அடங்குவதற்குள் சேவல்களின் பயிற்சியாளர் தொப்பியை வீசிவிட்டு ஓடி வந்தார். "ஏமாத்து வேலை! மட்டைக்காரன் பக்கம் காலை வச்சுட்டு அங்கே எறியறான்! செல்லாது!" விதி அப்படித்தான். கால் மட்டைக்காரன் பக்கம் இறங்கினால் அங்கேதான் வீச வேண்டும். இல்லையென்றால் ஓடுகிறவனுக்கு அடுத்த தளம் இனாம். தலைமை நடுவர் மேட்டுக்கு நடந்தார். பெலார்மினோவின் கை சட்டைப் பையில் இருந்தது.

எவாரிஸ்தோ தன் தொப்பியைக் கழற்றி மேட்டின் மண்ணில் கவிழ்த்துவைத்திருந்தான். பந்தை விட்ட அடுத்த கணமே வைத்துவிட்டான் போல. சேவல்களின் பயிற்சியாளர் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே கத்த, இவன் தொப்பிக்கு முன்னால் தொப்பையைக் கேடயமாக்கிக்கொண்டு நின்றான்.

"என்னய்யா இது?" என்றார் நடுவர்.

"சாட்சி ஐயா. போன தடவை சாட்சி இல்லாம எறிஞ்சுட்டேன். எடுத்துப் பாருங்க."

நடுவர் குனிந்து தொப்பியைத் தூக்கினார். ஈர மண்ணில் ஒரு காலணித் தடம், ஆணிப் புள்ளிகளோடு, தையல் அளவெடுத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. அதன் நுனி நேராக முதல் தளத்தைப் பார்த்தது. நடுவர் தடத்தைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார், மறுபடி தடத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வலது கை முஷ்டியை ஓங்கினார்.

"அவுட்! ஆட்டம் முடிஞ்சது!"

பாராஓனாவில் அன்றைக்கு எழுந்த சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்காரர்கள் புயல் எச்சரிக்கை என்று நினைத்து நங்கூரத்தைச் சரிபார்த்தார்களாம். வில்கின் எவாரிஸ்தோவைத் தூக்க முயன்று முடியாமல் அவனோடு சேர்ந்து புரண்டான். பெகேரோ தீக்குச்சியை விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். வானொலிக்காரன் அழுதுகொண்டே ஒலிவாங்கியில் கத்தினான். "நின்னுடுச்சு மக்களே! அந்தப் பந்து நின்னுடுச்சு! வில்கின் கையில நிக்குது!"

பெலார்மினோ பத்திரத்தை எடுத்தார். நாற்பது கோடியை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், கீழே வரிசையில் இருந்தவர்கள் தலையில் தூவினார். "நண்டுக்கு இந்தக் கரைதான்டா!" என்றார்.

கோப்பை நேராக எவாரிஸ்தோவின் கார் கழுவும் கடைக்குத்தான் வந்தது. அதை நிரப்பும் அளவுக்குப் பீர் வேறெங்கும் இல்லையே. வறுத்த மீனும் வாழைக்காயும் தட்டு தட்டாக வந்தன. ஊர் சுற்றி நின்றது. ஸோராய்டா கைப்பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

"இன்னைக்கேவா அக்கா?" என்றான் எவாரிஸ்தோ.

"ஆறுறதுக்குள்ள முடிச்சாத்தான் கணக்கு. மட்டைக்காரனுக்கு வீசினது எத்தனை?"

கூட்டம் யோசித்தது. ஒருத்தன் விரலை மடக்கினான், திரும்ப நீட்டினான். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஒரு பந்துகூட வீசாமல் கோப்பையை வாங்கியிருக்கிறான். சிரிப்பு கிளம்பி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பயிற்சிப் பந்து எட்டு, முதல் தளத்துக்கு மூணு. ஆக பதினொண்ணு," என்றான் எவாரிஸ்தோ கூச்சமில்லாமல். "ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம்."

"மட்டைக்காரனுக்குன்னுதான் பேச்சு. கையடிச்சியா இல்லையா?"

"அடிச்சேன். சரி, அந்த எட்டு மட்டும்."

"எட்டும் யாருக்கு வீசின? காத்துக்கா?"

"மூணு?"

"மூணும் வில்கினுக்கு. அவன் மட்டைக்காரனா? கையுறைக்காரன்."

"கொடுத்துடு துருக்கிக்காரி!" என்று பெலார்மினோ கத்தினார். "நான் தரேன் பத்து லட்சம்!"

"நீங்க சும்மா இருங்க!" என்று ஸோராய்டாவும் எவாரிஸ்தோவும் ஒரே குரலில் அதட்டினார்கள். நல்ல பேரத்தின் நடுவில் காசைக் கொண்டுவந்து கொட்டுகிறவனைவிட ரசனை கெட்டவன் உண்டா?

"அக்கா, தொரிபியோ பக்கம் பார்த்தேனா இல்லையா? தோளைக் காட்டினேனா? காலைத் தூக்கினேனா? பாதி வீச்சு அவனுக்குத்தான போச்சு?"

ஸோராய்டா அன்றைய நாளில் முதல்முறையாக, விலை முடிவதற்கு முன்பே, சிரித்துவிட்டாள்.

"நியாயம்," என்றாள். பேனாவைத் திறந்து எழுதினாள். ஊரே எட்டிப் பார்த்தது. இன்றைக்கும் அந்தத் தாள் கடைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தோமினோ மேசைக்கு மேலே தொங்குகிறது:

எவாரிஸ்தோ மோந்தாஸ், ஏழாவது ஆட்டம்.
மட்டைக்காரனுக்கு வீசிய பந்து: அரை.
அரைப் பந்துக்குக் கூலி: 7,500 பேசோ.
கழிவு, சீருடைத் துணியும் தையலும்: 7,500 பேசோ.
பாக்கி: இல்லை.